பெடல்

சிறுமலைக்கு மேலே ஏறிய வெயில், கழற்றிச் சாய்த்த கார்ச் சக்கரத்தில் விழுகிறது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போக வேண்டும். புது பிரேக் பேடுகளைப் பொருத்திவிட்டு கிரீஸ் கையோடு குந்தியிருக்கிறான் ஈஸ்வரன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை அவை கவ்வும்வரை ஒருவர் உள்ளேயிருந்து பெடலை மிதிக்க வேண்டும். எப்போதும் மனைவி சுகன்யாதான் மிதிப்பாள். இன்றும் சுவரைப் பிடித்து நடந்து வந்து அவளே உட்கார்ந்திருக்கிறாள். "நல்லா மிதி புள்ள." "மிதிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்." எட்டிப் பார்க்கிறான். உதட்டைக் கடித்தபடி, இரண்டு கைகளாலும் தன் முழங்காலை அழுத்திக்கொண்டிருக்கிறாள். பச்சைப்பிள்ளை மிதித்தாலும் இறங்குகிற பெடல், அசையவில்லை. மெலிந்த பாதத்திலிருந்து செருப்பு நழுவி விழுகிறது. "புடிச்சிருச்சாங்க?" அவன் டிஸ்க்கைத் தள்ளுகிறான். அது தடையில்லாமல் சுற்றுகிறது. "கெட்டியாப் புடிச்சிருச்சு புள்ள. போதும்."