கதவுக்குப் பின்னால் சம்பந்தியம்மா

“வாங்க சம்பந்தி, வாங்க! உக்காருங்க!”

குரல்தான் வந்தது. ஆள் வரவில்லை.

சென்னியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சேலத்திலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் எலும்பெல்லாம் குலுங்கக் குமாரபாளையம் வந்து இறங்கியிருக்கிறாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், ஜவுளிக்கடை மருதாசலம், தலையில் வேப்பமரத் தொட்டிலோடு நிற்கிறார். மகளைக் கொடுத்த வீடு. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போகும் முன்பே, எட்டாம் மாதத்தில் அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட பேத்திக்கு இன்று பதினோராம் நாள்.

சம்பந்தி அத்தாயியோ உள்ளறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக ‘வாங்க’ என்கிறாள்!

“ஏனுங்க, கேட்டீங்களா? கதவு நம்மளைக் கூப்பிடுது.”

“கூப்பிட்டாங்கல்ல? வா உள்ள,” என்றார் மருதாசலம். தொட்டிலுக்கடியில் அவர் முகம் தெரியவில்லை. வேர்வை மட்டும் சொட்டியது.

“எதுக்க வந்து வாங்கன்னு கேக்காத ஊட்டுல நான் பச்சைத்தண்ணி தொடமாட்டேன். பேத்தி முகத்துக்காக வாரேன்.”

கொடியில் ஈரம் சொட்டிய ஒரு வெள்ளைச் சேலை அவள் தலையில் உரசியது. “நல்ல காரியத்துக்கு வாரப்போ இது வேற எதுக்க!” என்று அதையும் ஒரு தள்ளு தள்ளினாள்.

இந்த மரியாதைக்கா அவ்வளவு பாடு? ஒரு காலைப்பொழுது முழுக்கப் பக்ருதீன் பாய் கடையில் தொட்டில் தொட்டிலாக ஆட்டிப் பார்த்தாள். பிரம்புத் தொட்டில் மலிவு. ஒரு பிள்ளைக்கே பிய்ந்துவிடும். தேக்கு உழைக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். கடைசியில் வேம்பு. பூச்சி அரிக்காது, விலையும் கட்டுப்படியாகும்.

“‘பத்துப் பிள்ளைக்கு நான் ஜாமீன், தாயீ! பத்தாவதுக்கு மீசை முளைச்சாலும் தாங்கும்!’” என்று பாய் இழுத்த இழுப்பை அப்படியே இழுத்துக் காட்டி பஸ்ஸையே சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவள் அவள்.

உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

விட்டத்தில் தூளி. தூளிக்குள் பேத்தி. தூளி கட்டியிருந்தது வெள்ளைச் சேலையில்.

“அய்யோ சாமி! பச்சைப் பிள்ளையை, தாலியறுத்தவ சேலையிலயா போட்டு வெச்சிருக்கீங்க?”

மகள் பழனியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “அம்மா, மெதுவா! அத்தைக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அதுக்குத்தானே கத்தறேன்!”

“என் சேலையில பூராச் சரிகை. புள்ளை உடம்பைக் கீறிப்புடுச்சு. இது உன் மாப்பிள்ளை கையால நெய்ஞ்சது. தொவைச்சுத் தொவைச்சுப் பஞ்சாட்டம் ஆயிருச்சு, ஆனா இன்னும் பத்து வருசத்துக்குக் கிழியாது. அத்தையேதான் குடுத்தாங்க.”

“குடுத்துப்போட்டு மகராசி உள்ள என்ன பண்ணறா? பட்டுக் கட்டறாளா? ‘வாங்க சம்பந்தி, வாங்க, உக்காருங்க’...” அத்தாயியின் மெல்லிய குரலை மூக்கால் பேசிக் காட்டினாள் சென்னியம்மாள்.



“புள்ளையைத் தூக்கு, பழனி. கெளம்பு. அவங்க என் எதுக்க வந்து நின்னு கூப்பிடாத வரைக்கும் நீ இந்த ஊட்டுப் படி ஏற வேண்டாம். ஏனுங்க, தொட்டிலை மறுபடி தலையில ஏத்துங்க!”

“வேண்டாஞ் சென்னி, விடு,” என்றார் மருதாசலம், தரையைப் பார்த்து.

“விடறதா? முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் போவேன்!” இடுப்புச் சாவிக்கொத்து கலகலக்க நடந்துபோய் உள்ளறைக் கதவில் கை வைத்தாள்.

பழனியம்மாள் பாய்ந்து குறுக்கே நின்றாள்.

“தள்ளாதம்மா! அத்தை மேல துணி இல்ல!”

சென்னியம்மாள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“இருந்ததே ரெண்டு வெள்ளைச் சேலை. ஒண்ணு தூளியாயிருச்சு. ஒண்ணு அதா, கொடியில காயுது. அது காயற வரைக்கும் கோணிச்சாக்கைச் சுத்திக்கிட்டு உள்ளயே கெடப்பாங்க. தெனமும் இதான். என் சேலையைக் கட்டுங்கன்னா, கலர் சேலை கட்டுனா ஊரு சிரிக்கும்னு அழுவுறாங்க.”

“தறி போட்ட ஊட்டுலயா இந்தக் கதி?”

“நூலு வந்து மூணு மாசம் ஆச்சு. ஜப்பான்காரன் சண்டை வந்ததுல இருந்து துணியும் எங்கயும் இல்ல. அவரு நூல் தேடித்தான் பவானிக்குப் போயிருக்காரு. புள்ளை பொறந்த சேதி சொல்ல அத்தை நம்ம கடைக்கு வந்தாங்கல்ல, அன்னைக்கே ஒரே ஒரு வெள்ளைச் சேலை கேட்டிருக்காங்க. ஒரு முழம்கூட இல்லீங்கன்னு அப்பா கையை விரிச்சுட்டாரு.”

மருதாசலம் தொட்டில் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். நிமிரவில்லை.

கதவு இடுக்கிலிருந்து மறுபடி அந்த மெல்லிய குரல்.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. சேலை காஞ்சதும் வெளிய வந்து மொறையாக் கூப்பிடறேனுங்க. அண்ணன் மேல எனக்கு வருத்தமில்லீங்க. இருந்தா எனக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறாங்க?”

சென்னியம்மாள் இடுப்புச் சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் முந்தானைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சேலத்து வீட்டுப் பரணில், இன்னும் விலை ஏறட்டும் என்று அவளே பூட்டி வைத்திருந்த நாலு கட்டு வெள்ளைச் சேலைக்கும் அதில்தான் சாவி இருந்தது.