டாங்கியின் வலப்பக்கம்

மேசையின் நட்டநடுவில் வைத்துவிட்டுப் போன டாங்கி, அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுவரோரம் போயிருந்தது.

ஓரம் என்றால் சாதாரண ஓரமில்லை. வலப்பக்கம் சுவரில் உரசுகிற ஓரம்.

“யாரு இதை நகர்த்தினது?” என்றார் மார்ஷல்.

சங்கத்தின் மற்ற பதினொரு பேரும் அவரவர் டாங்கியைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

மார்ஷல் என்பது அவர்களாகக் கொடுத்த பட்டம். தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் அவர். மாதிரி டாங்கி செய்பவர்களின் அந்தச் சங்கத்தில் ஒரு கர்னல் உண்டு, இரண்டு மேஜர்கள் உண்டு. கொசு மட்டையைத் தவிர வேறு ஆயுதத்தை ஒருவரும் தொட்டதில்லை.

உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் சோதனைக்கென்று செய்து பார்த்துக் கைவிட்ட டாங்கிகள்தான் சங்கத்துக்கு உயிர். அந்த வண்டிகள் போருக்குப் போகவில்லை. அவற்றை முன்னிட்டு, சங்கம் கூடும் நூலகத்து மாடியில் நடக்கும் போர் மட்டும் இன்னும் ஓயவில்லை. எந்தப் பச்சை, எந்தப் பழுப்பு என்ற சண்டையில் வக்கீலும் பல் டாக்டரும் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருவரும் ஆதாரமாகக் காட்டியது ஒரே புகைப்படத்தை. கறுப்பு வெள்ளைப் படம்.

மார்ஷல் செய்திருந்தது அவற்றிலேயே பெரியது. அசல் வண்டி நூற்று எண்பது டன்னுக்கு மேல். அதற்குப் போய் எலி என்று பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியும் ஒரு சாணுக்கு மேல் நீளம்.

ஏழு மாத வேலை. அதில் நான்கு மாதம் மனைவி பக்கத்தில் இருந்தாள்.

எப்போதும் அப்படித்தான். பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷைப் பிடித்துக்கொண்டு அவர் இடது கையை நீட்டுவார். அவள் பெயின்டைக் கலந்து அந்தக் கையில் வைப்பாள். டப்பா மூடிகளில் எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. எது எதென்று அவளுக்குத்தான் தெரியும். கைக்கெட்டும் டப்பாவைக்கூட எடுக்காத மனுஷன் என்று சங்கமே கேலி பேசும்.

“ராஜாவுக்கு எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல தம்பி,” என்று அவளும் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொள்வாள்.

வலப்பக்கத்தை டேப் ஒட்டி மூடி, இடப்பக்கம் அடித்து முடித்த மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மார்ஷல் அதன்பிறகு இரண்டு மாதம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் போய் உட்கார்ந்து, தானே கலந்து, தானே வலப்பக்கத்தை அடித்தார். ஒரு அட்டையில் இரண்டு பேரின் பெயரையும் எழுதினார். அவள் பெயர் மேலே, தன் பெயர் கீழே. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் பெயர் மேலே ஏறியது அதுதான் முதல் தடவை.

அந்த அட்டையோடு சேர்த்துத்தான் டாங்கியை ஓரம் கட்டியிருக்கிறார்கள்.

“மேல ஃபேன் ஓடுதுண்ணே, தூசி விழும்,” என்றார் பல் டாக்டர்.

“உங்க டாங்கி மேல விழாதா டாக்டரே?”

“செவத்துப் பக்கம்னா பாதுகாப்பு மார்ஷல்,” என்று கர்னல் முட்டுக்கொடுத்தார். “வர்றவங்க யாரும் இடிச்சிட மாட்டாங்க.”

“டாங்கியை யாருய்யா இடிப்பா?”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

கண்காட்சிக்குக் கதவு திறக்க இன்னும் கால் மணி நேரம்தான். மார்ஷல் டாங்கியை இரண்டு கைகளாலும் ஏந்தி, மறுபடி மேசையின் நடுவில், நாலாபுறமிருந்தும் தெரியும்படி வைத்தார். அட்டையை நிமிர்த்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்து வந்த குரலில் மார்ஷல் இல்லை. தபால் ஆபீஸ் குமாஸ்தாதான் இருந்தார்.

“பரிசெல்லாம் வேணாம்ப்பா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ கலந்தது எதுவரைக்கும், நான் கலந்தது எதுலேர்ந்துன்னு கண்டுபிடிக்க முடியுதா?”



வக்கீல் முன்னால் வந்தார். நிறம் ஒரு சொட்டு பிசகினாலும் விடாத மனுஷன். சொந்த மைத்துனன் செய்த டாங்கிக்கே பூஜ்யம் போட்டவர். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்து இடப்பக்கத்தைப் பார்த்தார். மேசையைச் சுற்றி மெதுவாக நடந்துபோய் வலப்பக்கத்தைப் பார்த்தார். திரும்பவும் இடப்பக்கம் வந்தார்.

கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

“முடியல மார்ஷல்,” என்றார். “அண்ணி கலந்ததா, நீங்க கலந்ததான்னு சத்தியமா தெரியல.”

மார்ஷல் தலையை ஆட்டினார். சற்றுக் கழித்து இன்னொரு முறையும் ஆட்டினார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.



பச்சையும் சிவப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான் என்பதும், இத்தனை வருடம் அவள் எடுத்துக் கொடுத்தது எதற்கு என்பதும், அவர் டீ குடிக்கப் போன அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர்களுக்கு உறைத்திருந்தது.

டாங்கியின் இடப்பக்கம் பாசிப் பச்சை. வலப்பக்கம் செங்கல் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே, அடிமட்டம் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு.

அவள் எழுந்து போன இடம் அது.