மேஜையைத் தட்டும் வகுப்பு

"யூத வரலாறு வகுப்புல தினமும் சண்டை சார். இன்னைக்கு மேஜையைத் தட்டிக் கத்தறாங்க" என்று காவலாளி சொன்னதும் ப்ரூக்ளின் கல்லூரி டீன் ஆலீன் நாற்காலியை விட்டு எழுந்தார். பேராசிரியை ஷிஃப்ரா யூதர். அவரோடு மோதும் மாணவன் நஷ்வான் ஏமன் நாட்டு முஸ்லிம். கல்லூரியின் பெயர் சந்தி சிரிக்கப்போகிறது.

இருவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"எதுக்குச் சண்டை?"

"ரயில்ல கிடந்த குடைக்கு சார்" என்றான் நஷ்வான். "எடுத்தவனுக்கே சொந்தம்ங்கறாங்க மேடம்."

"தொலைச்சவன்தான் இனிக் கிடைக்காதுன்னு கைகழுவிட்டானேப்பா!"

"உங்ககிட்ட வந்து சொன்னானா?"

ஷிஃப்ரா டீனிடம் திரும்பினார். "யூதச் சட்டத்தை எங்க ஆளுங்க காலங்காலமா இப்படி வாதாடித்தான் சார் படிக்கிறாங்க. எதிர்த்துப் பேசினாத்தான் மார்க்கு."

டீனுக்கு உயிர் வந்தது. "சரி, போங்க" என்றவர், "குடையில பேர் எழுதியிருந்துதா?" என்றார்.

அரை மணியில் காவலாளி மறுபடி ஓடி வந்தார். மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தவர் டீன்.