கதவு வரைக்கும் நேரா நட

"சின்ன டாக்டரம்மாகிட்ட மட்டும் வலிக்குதுன்னு சொல்லிடாதே!"

தண்ணீர் பிடிக்கப் போன சின்ன டாக்டர், தூணுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

மருத்துவமனை பெஞ்சில் கைத்தடிக்கார அம்மா, புதிதாக வந்த பெண்ணுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி உயிர் போகுதேக்கா?"

"போகட்டும். கேட்டா, 'பாதி குறைஞ்சிருச்சு'ன்னு சிரி. கதவு வரைக்கும் நேரா நட. வெளியே வந்து எவ்வளவு வேணும்னாலும் நொண்டிக்கோ. நாங்கல்லாம் அப்படித்தான்."

சின்ன டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூட்டுவலிக்கு மாத்திரையே வேண்டாம், பயிற்சி போதும் என்பதுதான் அவளுடைய மேல்படிப்பு ஆராய்ச்சி. வந்தவர்கள் எல்லோரும் போகப் போக வலி குறைந்துவிட்டது என்றார்கள். அதை நம்பித்தான், நாளை முதல் யாருக்கும் மாத்திரை கிடையாது என்று பெரிய டாக்டர் காலையில் முடிவெடுத்திருந்தார்.

இது அவர் வேலைதான்! பேர் வாங்குவதற்காக நோயாளிகளை மிரட்டி வைத்திருக்கிறார்!

விறுவிறுவென்று போய் எதிரே நின்றாள். அம்மாவின் கைத்தடி நழுவிக் கீழே விழுந்தது.

"யாரும்மா உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது? பெரிய டாக்டரா? பயப்படாம சொல்லுங்க."

"ஐயையோ! அந்த மனுஷன் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லைங்க."

"பின்னே?"

அம்மா மென்று விழுங்கினாள்.

"முதல் தடவை, கொஞ்சம்கூடக் குறையலைன்னு நான்தான் சொன்னேன். உங்க முகம் அப்படியே சுண்டிப்போச்சு. கண்ணு கலங்கிடுச்சு. படிக்கிற பொண்ணு, நம்ம காலைப் பிடிச்சுவிட்டு இந்தப் பாடு படுதே, அது மனசைப் போய் நோகடிக்கணுமான்னு... நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். பாஸாயிடுவீங்கல்ல?"

சின்ன டாக்டர் போனை எடுத்துப் பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள்.

"சார், மாத்திரையை நிறுத்திடாதீங்க. என் ஆராய்ச்சி தப்பு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எதிர்முனை கத்தியது. கத்தி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டாள்.

பிறகு கைத்தடியை எடுத்துக் கொடுத்து, அம்மாவை அறைக்குள் அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

வழக்கம்போல அம்மா முதலில் அவள் முகத்தைப் பார்த்தாள்.

சின்ன டாக்டர் எழுந்து, தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.