ஊதா விளிம்பு

"விக்தான்! விக் வச்சாதான் வெளிச்சத்துல இப்படி ஓரமெல்லாம் ஊதா அடிக்கும். எனக்குத் தெரியாதா?" பெண்ணின் அத்தை, மாப்பிள்ளையின் போட்டோவை எல்லோர் முகத்துக்கு நேராகவும் ஆட்டினார்.

"என் பிள்ளைக்குச் சொந்த முடிங்க! இதுக்காகவா கல்யாணத்தை நிறுத்தறது?" மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குரல் உடைந்தது. மாப்பிள்ளையோ தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை எடுத்த போட்டோகிராபர் தொண்டையைச் செருமினார். "கோளாறு என் லென்ஸ்லதாங்க. மலிவா கிடைச்சுதேன்னு சோதிக்காம வாங்கிட்டேன். வெளிச்சத்துக்கு எதிர்ல கருப்பா எது இருந்தாலும் ஓரத்துல ஊதா கசியும்." அத்தையையே ஜன்னலோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்துக் காட்டினார். அத்தையின் கொண்டையைச் சுற்றியும் ஊதா!

"அப்ப உங்களுதும் விக்கா, சம்பந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"வாயை அளந்து பேசுங்க!"

பொறுமையிழந்த மணப்பெண் எழுந்துபோய், மாப்பிள்ளையின் முடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அவர் போட்ட "ஆ!" தெருமுனை வரை கேட்டது. வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

"இப்ப உங்க முறை, அத்தே" என்று சிரித்தபடி அவள் கையை நீட்டினாள். அத்தை இரண்டு கைகளாலும் தலையை அமுக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டார்.

அந்த மாதமே கல்யாணம் நடந்தது. அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். தெருவில் ஒருவருக்கும் விலாசம் சொல்லவில்லை.