உறை கழற்றாத லீவர்

சிவப்பு ரேஸ் காருக்குள் அன்றுதான் குடிவந்த புது கியர் லீவர், இரண்டாவது கியருக்குப் போகாமல் முரண்டு பிடித்தது. பந்தயம் தொடங்கும் நேரம். இனியும் கியர் விழாவிட்டால் இந்த லீவரைக் கழற்றிவிட்டுப் பழைய லீவரையே மாட்டிவிடுவார்கள்.

"உங்க பல்லுதான் மக்கர் பண்ணுது மாமா" என்றது லீவர்.

"என் பல்லுக்கு என்ன குறை மாப்ளே?" என்றது கியர்பாக்ஸ். "கடையில சுத்துன பிளாஸ்டிக்கோடவே வந்து உக்காந்துட்டீங்க. அது மூட்டுக்குள்ள போய்ச் சுருண்டு கிடக்கு."

"கழட்டினா கீறல் விழுமே."

வெளியே கொடியைத் தூக்கிவிட்டார்கள். லீவர் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"சரி, கடிச்சு இழுங்க மாமா."

கியர்பாக்ஸ் ஒரே கடியில் உறையை உருவித் துப்பியது. இரண்டாவது கியர் வழுக்கிக்கொண்டு விழ, முதல் கியரில் உருளத் தொடங்கியிருந்த கார் சீறிப் பாய்ந்தது.

"மாப்ளே, டிரைவர் மோதிரம் பட்டு உங்க மேல கீறல் விழுந்துடுச்சே."

"அது கிடக்கட்டும் மாமா. மூணாவதுக்கு வழி விடுங்க."