பதினாறாவது நாற்காலி

வில்லை மேலே தள்ள வேண்டிய இடத்தில் கேப்ரியல் கீழே இழுத்துவிட்டான்.

நல்லவேளை, சத்தம் வரவில்லை.

வரவும் வராது. மற்ற வயலின்காரர்கள் வில்லின் மயிரில் பிசின் தேய்ப்பார்கள். இவன் சவுக்காரம் தேய்ப்பான். வில் வழுக்கிக்கொண்டு போகும். தந்தி மூச்சு விடாது. மூன்று மாதமாக வீட்டில் விடாமல் பயிற்சி செய்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஜொகூர் பாருவின் அந்த வாத்தியக் குழு வளர்ந்த கதையே இப்படித்தான். 1912-இல் கல்யாண வீடுகளில் வாசித்த நாலு பேர், பிறகு எட்டு, பன்னிரண்டு. இருபது வருஷத்தில் மாதச் சம்பளத்துக்குப் பதினாறு. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தில் தலை எண்ணிக்கை முதலில் ஏறும். வாசிக்கத் தெரிந்தவர்கள் பின்னால் மெதுவாக வந்து சேர்வார்கள். அதுவரை காலி நாற்காலிக்கு, குழுவின் கோட்டு பொருந்துகிற ஆள் யாராவது போதும். வெளியே சொல்லக்கூடாது என்று மாதா படத்தின் மேல் சத்தியம்.

கேப்ரியலுக்குக் கோட்டு கச்சிதமாகப் பொருந்தியது.

எல்லாம் பியாட்ரிஸுக்காக. அவள் அப்பா பெர்னார்ட், குழுவின் ஆரம்பகால வயலின்காரர். வாத்தியக்காரனுக்குத்தான் மகளைக் கொடுப்பேன் என்று, கூலாய் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியையும் சுங்க இலாகா குமாஸ்தாவையும் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியவர். கேப்ரியலிடம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

இதுதான் அந்த ஞாயிறு. கடற்கரை மேடைக்கு எதிரே முதல் வரிசையில், கைத்தடியின் மேல் தாடையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மேடையில் பதினாறு பேர். அவர் கண் ஒருவன் மேலேயே.

பக்கத்து நாற்காலி ஐயாசாமி நிஜமாகவே வாசிப்பவர். அவருடைய முழங்கையை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் கேப்ரியலின் வில் ஓடும். குழுவிலேயே சுருதி பிசகாத ஒரே ஆள் நீதான் என்று அவர் அடிக்கடி கேலி செய்வார். இன்றைக்கு மாமனார் பார்க்கிறாரே என்று கேப்ரியல் சோகமான இடத்தில் கொஞ்சம் கண்ணை மூடி உருகினான். அதில்தான் ஐயாசாமியின் முழங்கை பார்வையிலிருந்து தவறிப் போனது.

கடைசிப் பாட்டு முடிந்தது. கைதட்டலுக்கு எல்லாரும் எழுந்து குனிந்தார்கள். கேப்ரியல் ஒரு முழம் அதிகமாகவே குனிந்தான். உழைப்பு அப்படி.

நிமிர்ந்தபோது பெர்னார்ட் மேடையேறி எதிரே நின்றார்.

“வில்லைக் குடுங்க தம்பி, பாப்போம்.”

கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேடினான். அகப்படவில்லை.

பெர்னார்ட் கட்டைவிரலால் மயிரைத் தடவினார். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஐயாசாமி, வயலின் பெட்டிக்குள் ஏதோ தொலைந்துவிட்டது போலக் குனிந்துகொண்டார்.

கேப்ரியல் மனதுக்குள் போய்க் கூலாய்க் கிராணியின் பக்கத்தில் நின்றுகொண்டான்.

பெர்னார்ட் நாலு பக்கமும் பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து, விரலில் ஒட்டியதை ஒழுங்காகத் துடைத்தார். பிறகு அவன் தோளில் கை போட்டு, காதோரமாகக் குனிந்தார்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் பியாட்ரிஸ்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. அவ அம்மாகிட்ட நானே இன்னும் சொல்லல.”